தடுமாற்றம்

ராகி முற்றும் மாதங்களில் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரிப் பக்கம் யானைகள் வரும். ஏறக்குறைய அதே மாதங்களில்தான் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் முதல் பருவம். ஊர்ப் பையன் ஒருவன் போகிறான். கடன் மனுவில் நோக்கம் என்ற இடத்தில் 'பார்க்க' என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டு 'உயர்கல்வி' என்று எழுதச் சொன்னேன்.

நாலு மாதத்தில் எதைப் பார்த்துவிட முடியும்?

1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி இங்கே வந்தார், திரும்பவில்லை. 1732இல் சதுரகராதி செய்தார். எகர ஒகரக் குறில், நெடிலை இன்று நாம் வேறுபடுத்தி எழுதும் முறையும் அவருடையது என்பார்கள். பழைய வழக்கில் குறிலுக்குப் புள்ளி. ஓலை கிழியும் என்று ஏட்டில் புள்ளி வைப்பதில்லை. நம் புலவர்கள் பழக்கத்தில் வாசித்துக்கொண்டு போனார்கள். குறை கண்ணில் படவில்லை. படிக்கத் தடுமாறியவருக்குப் பட்டது. அவர் நெடுங்காலம் இருந்தார் என்பது பதிலாகாது. புலவர்கள் பிறந்ததிலிருந்தே இருந்தார்கள்.

ஆக, பார்வை காலக்கணக்கைப் பொறுத்ததில்லை. தடுமாறச் சம்மதிப்பதைப் பொறுத்தது.

மாற்றலாகி வந்து எனக்கு ஆறு வருஷம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் தெலுங்கும் கன்னடமும். நான் தமிழிலேயே பதில் சொல்கிறேன்; தடுமாறுகிறவர்கள் அவர்கள். அப்படியானால் அவர்கள்தான் என்னைப் பார்த்திருக்கிறார்கள். நான் அவர்களுடைய கையெழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பையன் அங்கே ரொட்டி கேட்கவே தடுமாறுவான். அப்பாவின் நிலத்தை ஈடு வைத்து வாங்குகிற கடன் அதற்குத்தான். அவன் எழுதிய சொல்லை அடிக்கும் தகுதி எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.