எந்தக் கம்பிக்குக் கீழே

உயிருக்கு அதற்கே உரிய நிறம் என்று ஒன்று உண்டா? எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சைவ சித்தாந்தம் இதற்குச் சொல்லிவரும் பதில் ஒன்றுதான்: உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாக நிற்கும். ஆணவத்தைச் சார்ந்தால் இருட்டு, சிவத்தைச் சார்ந்தால் வெளிச்சம். செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்த படிகம் சிவப்பாகத் தெரிவதை ஆசிரியர்கள் உவமை காட்டுவார்கள். மெய்கண்டார் இந்தச் சித்தாந்தத்தைச் சிவஞான போதம் என்ற நூலில் 12 சூத்திரங்களில், 40 அடிகளில் சொல்லி முடித்துவிட்டார். என் அப்பா அதைச் சிறு வயதிலேயே எனக்கு நெட்டுருப் போட வைத்தார். அப்போது சொல்தான் வாயில் ஏறியது. பொருள் ஏறியது கிட்டார் பழுது பார்க்கும் தொழிலுக்கு வந்த பிறகு.

சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஒரு பையன் என் பட்டறைக்கு வந்தான். பழைய நாலு கம்பி பேஸ். பிக்கப் உள்ளே அறுந்து ஊமையாகிவிட்டது. புதிது வாங்கப் பணமில்லை. அண்ணன் கிட்டாரிலிருந்து கழற்றிவைத்த ஹம்பக்கர் பிக்கப் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். மேசையில் வைத்துவிட்டுத் தயங்கினான்.

"அங்கிள், இது கிட்டார் பிக்கப். பேஸ்ல போடவே கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. போட்டா அது பேஸா இருக்குமா?"

"உட்காரு தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவன் கேட்டது தொழில் கேள்விதான். ஆனால் ஒரு பொருளின் தன்மை அதற்குள்ளேயே இருக்கிறதா, அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கிறதா என்ற பெரிய கேள்வியும் அதற்குள் இருந்தது.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான். தலைமயிர் அளவே மெலிந்த கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. மேலே நிற்கும் எஃகுக் கம்பி அந்தக் காந்தப்புலத்தில் தானும் காந்தமாகிறது. அது அதிரும்போது புலம் கூடிக் குறைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்டுசொன்ன விதி இது. பேஸின் தடித்த ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிரும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 முறை. சுருளுக்கு இதுவும் சரி, அதுவும் சரி. மேலே கிட்டார் கம்பி இருந்தால் கிட்டாரைச் சொல்லும், பேஸ் கம்பி இருந்தால் பேஸைச் சொல்லும். சார்ந்ததன் வண்ணம் என்பதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1950களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் டேன்எலெக்ட்ரோ நிறுவனத்தை நடத்திய நேதன் டேனியல், உதட்டுச் சாயம் அடைக்கும் உலோகக் குழாயில் காந்தத்தையும் சுருளையும் வைத்துப் பிக்கப் செய்தார். அந்தக் குழாய்ப் பிக்கப்பையே கிட்டாரிலும் வைத்தார், பேஸிலும் வைத்தார். வாத்தியத்தின் உடம்போ மரச்சட்டத்தின் மேல் ஒட்டிய ஹார்ட்போர்டு. விலை மலிவு. ஆனாலும் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் போன்ற மகா வித்வான் அந்த பேஸின் ஒலிக்காகவே அதை வாங்கி வாசித்தார். அழகு சாதனத்துக்கென்று செய்த குழாய், கிட்டாருக்குப் போன சுருள், பலகைக்குப் பதில் அட்டை. எல்லாமே வேறு ஒன்றுக்கு உரியவை என்று தள்ளிவிடக்கூடிய பொருள்கள். சேர்ந்து ஒலித்தபோது அது பேஸ்தான்.

அப்படியானால் எதை எதிலும் போடலாமா? இங்கேதான் நிதானம் வேண்டும். அதே பிக்கப்பை நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டாருக்குக் கீழே பிடியுங்கள். எத்தனை பலமாக மீட்டினாலும் ஆம்பில் சத்தம் வராது. இந்த முறை ஏற்க வேண்டியது கம்பி, காந்தம் பற்றுவதற்கு நைலானில் ஒன்றுமில்லை. செம்பருத்தி பக்கத்தில் கூழாங்கல்லை வைத்தால் அது சிவக்காது. படிகம் என்பதால்தான் சிவக்கிறது. ஏற்கும் ஆற்றல் பொருளுக்கு உள்ளேயே இருக்கிறது. எதை ஏற்பது என்பது சேர்க்கையால் வருகிறது. சார்ந்ததன் வண்ணம் என்றால் உயிர் வெறும் வெற்றிடம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சித்தாந்தம் இல்லை. சார்ந்து அறிவதே உயிரின் சொந்த இயல்பு, அதை யாரும் கொடுக்கவில்லை.

தடைகளும் உண்மையானவை. பையனின் பேஸில் வெர்னியர் வைத்து அளந்தேன். பிரிட்ஜில் ஈ கம்பிக்கும் ஜி கம்பிக்கும் இடைவெளி 57 மில்லிமீட்டர். கிட்டார் கம்பிக்கு ஒன்றாக ஹம்பக்கரில் இருக்கும் ஆறு காந்தத் திருகுகள் 50 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பிரிட்ஜ் ஓரத்தில் பொருத்தினால் ஓரக் கம்பிகள் இரண்டும் திருகு வரிசைக்கு வெளியே ஓடும், சத்தம் மெலியும். ஆனால் கம்பிகள் கழுத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. கழுத்து முடியும் இடத்தை ஒட்டி அளந்தால் அதே 50தான். அங்கே ரூட்டரால் மரத்தைக் குடைந்தேன். உள்ளே இறக்கிப் பார்த்தபோது ஈ கம்பியும் ஜி கம்பியும் முதல் திருகுக்கும் கடைசித் திருகுக்கும் நேர் மேலே வந்து நின்றன. நடுவில் இருக்கும் ஏ, டி கம்பிகள் திருகின் தலைக்கு நேராக வரவில்லை. இரண்டு திருகுகளுக்கு இடையில் நின்றன. காந்தப்புலம் திருகின் தலையோடு நின்றுவிடுவதில்லை, அதனால் காதுக்கு அந்தக் குறை தெரியவில்லை. பேஸ் கம்பி அகலமாக ஆடும். காந்தம் மிக அருகில் இருந்தால் கம்பியை இழுத்துச் சுருதியையும் கெடுக்கும். ஆகவே பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்த்தினேன். ஈயம் வைத்து, ஜாக்கைச் செருகி, திறந்த ஈ கம்பியை விட்டதும் மேசையில் இருந்த திருகுகள் அதிர்ந்தன.

பேஸில் கிட்டார் பிக்கப் போடக் கூடாது என்று சொன்னவர்களில் யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்துச் சொன்னார்கள். எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. இன்ன குலத்தில் பிறந்தவனுக்கு இன்னதுதான் வரும், இன்னது வராது என்று நம் ஊரில் சொல்லப்படுவதும் இப்படித்தான். அதற்குச் சுதர்மம் என்று சாத்திரப் பெயரும் சூட்டிவிடுகிறார்கள். 57 மில்லிமீட்டர் போன்ற தடை மனிதர்களிடமும் இருக்கலாம். இருந்தால் அளந்து காட்டட்டும், தலைவணங்கி ஏற்கிறேன். காட்ட முடியாத தடையைக் கடவுள் பேரில் எழுதுவது பாவம்.

சித்தாந்த மரபே இதற்குச் சாட்சி. அருணந்தி சிவாசாரியார் ஆதிசைவர், சகலாகம பண்டிதர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குலகுரு. மெய்கண்டாரோ வேளாளர் வீட்டுச் சிறுவர். ஆணவத்தின் வடிவம் எது என்று பண்டிதர் கேட்க, பிள்ளை பேசாமல் அவரையே உற்றுப் பார்த்தது என்றும், அவர் அந்தக் கணமே காலில் விழுந்து சீடரானார் என்றும் மரபு சொல்கிறது. வயதும் குலமும் பட்டமும் யார் குரு என்று ஒரு வரிசை சொல்லின. அந்த வரிசையை மாற்றிப்போட்ட பிறகுதான் அந்தப் பண்டிதர் எழுதிய சிவஞான சித்தியார் என்ற நூல் நமக்குக் கிடைத்தது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விடக் கூடாது. பிக்கப் சடம். எந்தக் கம்பிக்குக் கீழே தன்னை வைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. இங்கே வேண்டாம், அங்கே போகிறேன் என்று நகரவும் அதற்கு வராது. உயிருக்கு அருளின் துணையோடு அது கூடும். ஆணவத்தை விட்டுச் சிவத்தைச் சாரலாம் என்பதுதான் அந்த 40 அடிகளின் முழு நம்பிக்கையும். உவமை இந்த இடம் வரைக்கும்தான் வரும்.

சித்தாந்த வகுப்பு நடத்தும் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. படிகத்தை இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. வகுப்புக்கு ஒரு பிக்கப், ஒரு சின்ன ஆம்ப், இரண்டு எஃகுக் கம்பி, ஒரு நைலான் கம்பி கொண்டுபோங்கள். அவர்கள் கையாலேயே மீட்டிப் பார்க்கட்டும். பிக்கப் கிடைக்காவிட்டால் என் பட்டறையில் கழற்றிப் போட்டவை நிறைய இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.