கை அறியாத கண்ணாடி

என் பெரியம்மாவுக்கு எண்பது வயது. பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் கைபேசி ஒலித்தால் தானே எடுத்துப் பேசுவார்; எந்த இடத்தில் விரலை வைத்து மேலே தள்ள வேண்டும் என்பது அவர் கட்டைவிரலுக்குத் தெரியும். ஓரிரவு கைபேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் நான் மூன்று முறை அழைத்தேன். மூன்றும் அடித்து ஓய்ந்தன. இனிமேல் பக்கவாட்டில் தள்ள வேண்டுமாம். “எனக்குத்தான் மறந்துபோச்சு போலிருக்கு, தம்பி” என்றார். மாறியது கைபேசிதான் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

பொருள் மாறினாலும் பழி மனிதர் மேல்தான். 2012 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 8, 1995 முதல் திரையின் மூலையில் இருந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானை எடுத்துவிட்டது. கணினியை அணைப்பதற்கே வழி தேட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 8.1இல் அந்தப் பொத்தான் திரும்பி வந்தது. எடுத்ததும் முன்னேற்றம், திருப்பித் தந்ததும் முன்னேற்றம்.

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். கடக்க முடியாததும் உண்டு. 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில், சிங்கப்பூர் அருகே, அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. மாலுமிகள் பத்துப் பேர் இறந்தனர். கப்பலைத் திருப்புவதும் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் தொடுதிரையில் நடந்தன. கட்டுப்பாடு ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது குழப்பம் நேர்ந்தது. இரு பக்க உந்துவிசையையும் குறைக்க நினைத்தார்கள், ஒரு பக்கம் மட்டுமே குறைந்தது. கப்பல் திரும்பிவிட்டது. பயிற்சிக் குறைவும் களைப்பும்கூடக் காரணங்கள்தாம். ஆனால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நெம்புகோல்கள் இருந்து ஒன்று மட்டும் கீழே இறங்கியிருந்தால், இருட்டிலும் கை கண்டுபிடித்திருக்கும். கண்ணாடியில் இரண்டும் ஒரே வழவழப்பு. 2019இல் அமெரிக்கக் கடற்படை பழைய நெம்புகோலுக்கே திரும்புவதாக அறிவித்தது.

கார்களிலும் இதே கதை. ஒரு பொத்தானுக்கு வார்ப்பு வேண்டும், கம்பி வேண்டும். திரையிலோ எதையும் பிறகு வரைந்துகொள்ளலாம். தயாரிப்பவருக்கு அது மிச்சம். சாலையிலிருந்து கண்ணை எடுப்பது மட்டும் ஓட்டுநரின் செலவு. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப், 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குக் கையால் இயக்கும் தனிக் கட்டுப்பாடு இருப்பதையும் கணக்கில் எடுக்கிறது. மழையில் வைப்பரைத் தேடக்கூடாது என்பதற்கு ஒரு விதிமுறை தேவைப்பட்டிருக்கிறது.

புதுமையே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும், சொன்னதை எழுதித் தரும் வசதியும் பெரியம்மா போன்றவர்களுக்குத் திறந்த கதவுகள். ஆனால் கை பழகுவதற்கு மாதங்கள் ஆகின்றன. அது உழைத்துச் சேர்த்த சொத்து. அதைக் கேட்காமல் எடுத்துக்கொள்வதற்கு மேம்பாடு என்று பெயர்.

பெரியம்மாவின் கைபேசியில் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவைத்தேன். ஆனால் நெடுநாள் அப்படி விட முடியாது; பாதுகாப்புத் திருத்தங்களும் அதே மூட்டையில்தான் வருகின்றன. பூட்டைப் பழுதுபார்க்க வருபவர், போகும்போது வாசலையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறார். பெரியம்மா இப்போது பக்கவாட்டில் தள்ளப் பழகிவிட்டார். கைபேசி ஒலிக்காத நேரத்திலும் கட்டைவிரல் ஒத்திகை பார்க்கிறது.