2019 வரிக்குறைப்புக்கான விலையை யார் கட்டினார்கள்?

செலவைக் குறைக்காமல் வரியை மட்டும் குறைப்பது அறமாகுமா? சிக்கனமான அரசு வேண்டும் என்போரிலேயே பலர் இதைக் கேட்பதில்லை. வரி இறங்கினால் போதும், கொள்கை வென்றுவிட்டதாக மகிழ்கிறார்கள். அவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். டிசம்பர் முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாய் விற்பனை இருந்தாலே அந்த வரிக்குப் பதிய வேண்டும் என்ற வரம்பு 300 மில்லியனாக உயர்ந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரியும் நீங்கியது. செலவோ குறையவில்லை, பட்டதாரிகளை அரசு வேலையில் சேர்ப்பதும் தொடர்ந்தது. அடுத்த ஆண்டே வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 8 சதவீதமாகச் சரிந்தது. செலவு அப்படியே இருக்க வரி மட்டும் குறைந்தால், அந்தப் பணத்தை யாரோ ஒருவர் பின்னொரு நாள் கட்டியே ஆக வேண்டும்.

அந்த யாரோ யார் என்பதில்தான் அறக்கேள்வி இருக்கிறது. வருவாய்ப் பள்ளத்தை நிரப்ப மத்திய வங்கி பணம் அச்சிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதத்தை எட்டியது. விலையேற்றமும் ஒரு வரிதான், நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பில்லாமல் வசூலாகும் வரி. மலையகத் தோட்டத் தொழிலாளிக்கு நெடுநாள் போராட்டத்துக்குப்பின் 2021 இல் கிடைத்த 1000 ரூபாய் நாட்கூலியை அது தின்றது. சம்பள வரி நீங்கியதால் அவருக்கு ஒரு சதமும் மிஞ்சியிருக்காது.

இந்த நெருக்கடிக்கு ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும்தான் காரணம் என்பார்கள். சுற்றுலா வருமானம் போனது மெய். ஆனால் ஆபத்துக் காலத்தில் கடன் வாங்கவே நல்ல காலத்தில் கணக்கை நேராக வைத்திருக்க வேண்டும். பெருந்தொற்று வந்தபோது கஜானாவில் ஏற்கெனவே ஓட்டை போட்டாயிற்று. கடனே பாவம் என்று வாதிடவில்லை. குளமோ பள்ளிக்கூடமோ கட்ட வாங்கிய கடனை, அதைப் பயன்படுத்தப்போகும் தலைமுறை அடைப்பதில் நியாயம் உண்டு. விமானம் அரிதாகவே வரும் மத்தள விமான நிலையத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது. செலவைக் குறைத்தால் ஏழைதான் அடிபடுவார் என்பது இவற்றைவிடக் கனமான மறுப்பு. பல நாடுகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது. எனினும் எதை வெட்டுவது என்பது அரசின் தெரிவு. போர் 2009 இல் முடிந்த பின்னும் பாதுகாப்பு, வரவுசெலவுத் திட்டத்தின் பெருஞ்செலவுகளில் ஒன்றாகவே நீடித்தது. கத்தரிக்கோலை முதலில் அங்கே வைத்திருக்கலாம். வெளிப்படையாக வெட்டினால் எதிர்த்துப் போராடவாவது முடியும். விலைவாசி வழியே வெட்டும்போது யாரிடம் போய் முறையிடுவது?

2023 இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோதும் இதே கதைதான். வங்கிகளிடமிருந்த அரசுத் திறைசேரிப் பத்திரங்களைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கெனவே வரி கட்டுகின்றன, அவை குலைந்தால் வைப்பாளர்கள் பாதிக்கப்படுவார்கள் என்றது அரசு. அதில் ஓரளவு பொருள் உண்டு. ஆனால் சுமை ஊழியர் சேமலாப நிதியத்தின்மேல், அதாவது தனியார் துறைத் தொழிலாளரின் முதுமைக்கால சேமிப்பின்மேல் இறங்கியது. அவ்வாண்டு நவம்பரில், கோத்தாபயவும் அவர் சகோதரர்களும் உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தில் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டு மாதத்துக்குள், 2024 ஜனவரியில், பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. குறைப்புக்கு முன்பு இருந்ததைவிட அது 3 புள்ளி அதிகம்.