அளவெடுக்கும் அன்பு

மார்கழி மாதத்து அதிகாலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. போத்தனூரின் பனி இன்னும் விலகவில்லை. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் எம்மை அணுகினான். அவன் அணிந்திருந்தது கையால் பின்னிய ஸ்வெட்டர். உயர்ந்த கழுத்து, மார்பின் குறுக்கே கட்டங்கள், அறுபது ஆண்டுகளுக்கு முந்திய பாணி. அவனுடைய அப்பிச்சியின் இளமைக்காலப் புகைப்படத்தைப் பார்த்து அம்மிச்சி பின்னிக் கொடுத்தாராம்.

"ஃபாதர், இது எனக்குப் புடிக்கலீங்க. பசங்க சிரிக்கிறாங்க. அம்மிச்சி மனசு நோகுமேன்னு போட்டுக்கிட்டு வந்தேன். அது பொய் சொன்ன மாதிரி ஆகாதுங்களா?"

அவன் தலையைத் தடவி, அடுத்த ஞாயிறு பேசுவோம் என்று அனுப்பி வைத்தோம். மறையுரைக் கடமைகள் காத்திருந்தன என்பது நாம் சொன்ன காரணம். உண்மையான காரணம் வேறு. அக்கேள்வி எம்மைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது.

வெயில் மிகுந்த கொங்கு நாட்டில் கம்பளிப் பின்னல் எவ்வாறு வந்தது என்று வாசகர்கள் வியக்கலாம். சென்னையிலிருந்து மலபார்க் கரையின் பேப்பூர் வரை 1862இல் நிறைவுற்ற இருப்புப்பாதை போத்தனூர் வழியே சென்றது. 1873இல் இங்கிருந்து கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்திற்குக் கிளைப்பாதை அமைந்தது. நீலகிரியின் குளிரை நாடியோர் இச்சந்திப்பைக் கடந்தே சென்றனர். இரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அவ்வீட்டுப் பெண்களின் கையில் பின்னல் ஊசி ஓய்ந்ததில்லை. 1947க்குப் பின் அவர்களுள் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். ஆயினும், மதிற்சுவர் ஓரம் நின்று அவர்களிடம் கற்றுக்கொண்ட அண்டை வீட்டுப் பெண்களிடம் அக்கலை தங்கிவிட்டது. எமது தாயாரும் அவ்வாறு கற்றவரே. இரயில்வேயில் கார்டாகப் பணியாற்றிய எம் தந்தையார், சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கழித்த குளிர்கால இரவுகளில், அம்மா பின்னிய ஸ்வெட்டரையே அணிந்திருந்தார்.

கைப்பின்னலைப் புகழ்வதற்காக இயந்திரத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூரில் உருவாகும் பனியனும் பின்னலாடையே. கண்ணிக்குள் கண்ணி நுழைவதே அதன் இலக்கணமும். அத்தொழில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்துள்ளது. அங்கே வியர்வை சிந்துவோரின் கைகளும் மதிப்பிற்குரியவையே. எனவே வேறுபாடு தரத்தில் இல்லை. ஆலையில் உருவாகும் ஆடைக்கு அளவு உண்டு, ஆள் இல்லை. அது யாருக்கும் பொருந்தலாம். வீட்டில் பின்னப்படும் ஆடை ஒருவரை மட்டுமே மனத்தில் கொண்டு தொடங்குகிறது. பின்னுபவர் ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஒருவரின் தோளை, கையை, கழுத்தை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அளவெடுத்தல் என்பது இங்கே நினைத்தலின் மறுபெயர்.

சாமுவேல் முதல் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. தவமிருந்து பெற்ற மகனை ஆண்டவருக்கு அர்ப்பணித்துச் சீலோ ஆலயத்தில் விட்டுவந்த அன்னா, ஆண்டுதோறும் பலி செலுத்தச் செல்லும்போது அவனுக்கென ஒரு சிறிய மேலாடை செய்து எடுத்துச் சென்றாள். ஒரே வரியில் கூறப்படும் செய்தி இது. ஆனால் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மகன் வளர்வதை அவள் அருகிருந்து காணவில்லை. ஓராண்டில் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்பதை மனக்கண்ணாலேயே அளந்து தைக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவனுக்கு அதை அணிவித்துப் பார்க்கும் கணம்வரை அவள் நெஞ்சில் ஒரே கேள்விதான் இருந்திருக்கும்: சரியாக இருக்குமா?

அந்தக் கேள்வியை நாமும் ஒருமுறை எதிர்கொண்டோம்.

இறையியல் பயில நாம் பெங்களூருக்குச் சென்றபோது, அவ்வூரின் குளிரை எண்ணி அம்மா ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். அப்பாவுடைய பழைய ஸ்வெட்டரின் மாதிரியையே எடுத்துக்கொண்டு, எமது அளவுக்குப் பின்னியிருந்தார். உடன் பயின்றோர் கடையில் வாங்கிய புதிய பாணி ஆடைகளை அணிந்திருக்க, எமக்கு அதைப் போட்டுக்கொள்ள வெட்கமாக இருந்தது. பெட்டியிலேயே கிடந்தது. ஒரு நாள் இரயில் நிலையத்தில் குளிரில் நடுங்கிய ஒரு முதியவரைக் கண்டோம். மறுநாளே அதைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தோம். இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிர வேண்டும் என்ற திருமுழுக்கு யோவானின் அறிவுரையைக் கடைப்பிடித்துவிட்டதாக மனம் நிறைவு கொண்டது.

விடுமுறையில் ஊர் திரும்பியபோது அம்மா கேட்டார். பெருமையோடு நடந்ததைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குளுருல கெடந்தவருக்குப் போச்சுன்னா நல்லதுதான் சாமி. உனக்கு அளவு சரியா இருந்துச்சான்னு மட்டும் சொல்லு" என்றார்.

எம்மால் பதில் சொல்ல இயலவில்லை. ஒருமுறைகூட நாம் அதை அணிந்து பார்க்கவில்லை.

அன்று நாம் செய்தது பிறரன்பா? முதியவரின் குளிர் தணிந்தது. அந்த நன்மையை மறுக்க இயலாது. ஆனால் எமது வெட்கத்திற்கு ஏழையை ஒரு திரையாகப் பயன்படுத்திக்கொண்டோம். தூர் நகரத்துப் புனித மார்ட்டின், ஆமியேன் நகர வாயிலில் ஏழை ஒருவருக்குத் தம் மேலங்கியை வெட்டிப் பாதியைக் கொடுத்தார். அது அவரே அணிந்திருந்த அங்கி. கொடுத்தபின் அவருக்கும் குளிர்ந்திருக்கும். நாம் கொடுத்ததோ, எமக்கு ஒருபோதும் வேண்டாதிருந்தது. பெறாத ஒன்றை எவ்வாறு கொடுக்க இயலும்? அம்மாவின் கொடையை நாம் கைநீட்டி வாங்கினோமேயன்றி, பெற்றுக்கொள்ளவில்லை.

கொடை என்பது திருப்பிப் பெறும் எண்ணமின்றி அளிக்கப்படுவது. அதன் வேர் அன்பு. ஆகவே அன்பே முதற்கொடை என்பது புனித தோமா அக்குவினாரின் விளக்கம். இதிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கொடை கடன் அன்று. பின்னிக் கொடுத்தேன், ஆகவே நீ அணிந்தே தீர வேண்டும் என்று எவரும் கட்டளையிட இயலாது. அவ்வாறு கட்டளையிட்டால் அது ஆடையாக இராது, விலங்காகிவிடும். யாக்கோபு ஒரே ஒரு மகனுக்கு மட்டும் அழகிய அங்கி செய்து அணிவித்ததால் அந்த வீட்டில் எத்தகைய பகை மூண்டது என்பதை அறிவோம். கொடுப்பவருக்கும் விழிப்புத் தேவை. இரண்டாவது, நன்றி என்பது பொருளைவிடக் கொடுப்பவரின் உள்ளத்தையே நோக்க வேண்டும். நிறம் பிடிக்காமல் போகலாம். பாணி பழையதாக இருக்கலாம். அவற்றையும் தாண்டி அங்கே ஒருவர் நம்மை நினைத்து அமர்ந்திருந்த மாலைப்பொழுதுகள் இருக்கின்றன.

அப்படியாயின் சிறுவனின் கேள்விக்கு விடை என்ன? பிடிக்காததை அணிவது பொய்யா? "இந்தப் பாணி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது" என்று வாயால் சொன்னால் அது பொய்தான். ஆனால் அணிதல் அவ்வாறு சொல்லவில்லை. "நான் இவருடைய பேரன், என்னை இவர் அளந்திருக்கிறார்" என்றே அது சொல்கிறது. அது முழு உண்மை. மேலும், குறையைச் சொல்வதும் பெற்றுக்கொள்வதன் ஒரு பகுதியே. பின்னலாடையின் தனிச்சிறப்பு, அதைப் பிரிக்கலாம் என்பது. குழந்தை வளர்ந்ததும் பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அதே நூலைக் கொண்டு பெரிதாகப் பின்னிய தாய்மார் பலர் உண்டு. உண்மையைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் இடம் அந்த நூலிலேயே இருக்கிறது. அன்பிலும் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு சிறுவன் வந்தான்; அதே ஸ்வெட்டர். விளக்கங்களை ஒதுக்கிவிட்டு, எம் தாயாரின் கேள்வியையே அவனிடம் கேட்டோம்: "அளவு சரியா இருக்குதா?"

கைகளை நீட்டி, மடக்கிப் பார்த்தான். "சரியா இருக்குதுங்க ஃபாதர். கழுத்து மட்டும் குத்துதுங்க."

"அதை அம்மிச்சிகிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையசைத்தான். போய்ச் சொல்லுமாறு கூறினோம். அவன் ஓடியதைப் பார்த்து நின்றபோது, எம்மிடம் கேட்கப்பட்டு, இன்றும் விடை தரப்படாத அந்தக் கேள்வி எம்மோடு நின்றது. அம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

வாசக அன்பர்களே, உங்கள் பீரோவில் யாரோ ஒருவர் உங்களை நினைத்துச் செய்த ஆடை மடிப்புக் கலையாமல் இருக்கலாம். ஏழைக்குக் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள். அதற்குமுன் ஒருமுறை அணிந்து பாருங்கள். செய்தவர் உயிரோடு இருந்தால், அளவு சரியாக இருந்தது என்று அவரிடம் சொல்லுங்கள்.