நெஞ்சின் சாட்சி

சென்ற மாதம் வாசகர் ஒருவர் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். என் கதை ஒன்றில் ஒரு குமாஸ்தா வருகிறான். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடும்படி மேலதிகாரி அவனை வற்புறுத்துகிறார். அவன் மறுத்துவிடுகிறான். மறுக்கும்போது அவன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தேன். வாசகருக்கு அது பிடிக்கவில்லை. "மடியிலே கனமில்லாதவனுக்கு வழியிலே பயம் ஏன்? நேர்மையான மனிதனின் நெஞ்சு எதற்காகப் படபடக்க வேண்டும்? உங்கள் கதாநாயகனை நீங்களே கோழையாக்கிவிட்டீர்கள்" என்பது அவருடைய குற்றச்சாட்டு.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அவர் கேட்டது என் கதையோடு நிற்கிற கேள்வியாகத் தோன்றவில்லை. "நெஞ்சிலே கை வைத்துச் சொல்" என்கிறோம். "நெஞ்சறியப் பொய் சொல்லாதே" என்கிறோம். நெஞ்சை நாம் ஒரு சாட்சியாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் நம்பத் தகுந்தது? அதன் துடிப்பை வைத்து ஒருவனைக் கோழை என்றோ, குற்றவாளி என்றோ, கருணையுள்ளவன் என்றோ தீர்ப்புச் சொல்லலாமா?

எங்கள் தெருவில் ஒரு டாக்டர் இருக்கிறார். கதை படிக்கிற டாக்டர். கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணினார். "எழுபத்திரண்டு. இது உங்கள் இருதயத்தின் சொந்த வேகம் என்று நினைக்கிறீர்களா, ஸார்?" என்று கேட்டார். ஆமென்றேன். இல்லையென்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. இருதயம் துடிப்பதற்கு மூளையின் உத்தரவு தேவையில்லை. அதன் வலப்புற மேலறையின் சுவரில் மிகச் சிறிய ஒரு திசுப் பகுதி இருக்கிறது. 1907-இல் கீத், ஃபிளாக் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். துடிப்பைத் தொடங்கிவைப்பது அதுதான். அதை அதன் போக்கில் விட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அப்படியானால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எழுபதாகக் குறைவது எப்படி? மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி வரும் வேகஸ் என்ற நரம்பு அதை ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1845-இல் வெபர் என்னும் ஜெர்மானியச் சகோதரர்கள் இருவர், இந்த நரம்பைத் தூண்டினால் இருதயம் மெதுவாகிறது, நின்றும் போகிறது என்று காட்டினார்கள்.

இது கடிவாளம். சாட்டையும் ஒன்று உண்டு. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் வேறு சில நரம்புகள் இருதயத்தை விரட்டுகின்றன. நாம் நாற்காலியை விட்டு எழுந்தால் முதலில் கடிவாளம் சற்றுத் தளர்கிறது. பெரும்பாலும் அதுவே போதும். ஓடவேண்டும், அடிக்கவேண்டும், தப்பவேண்டும் என்ற நிலை வந்தால்தான் சாட்டை ஓங்குகிறது. கடிவாளம் ஒரு துடிப்புக்குள் வேலை செய்துவிடும். சாட்டையின் வேகம் ஏறுவதற்குச் சில விநாடிகள் ஆகும். இறங்குவதற்கு இன்னும் நேரமாகும். சண்டை ஓய்ந்து எதிராளி வீடு போய்ச் சேர்ந்த பிறகும் நம் நெஞ்சு அடித்துக்கொண்டிருப்பதன் ரகசியம் இதுதான்.

1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் பர்னார்ட் முதன் முதலாக ஒரு மனிதனின் இருதயத்தை மற்றொரு மனிதனுக்குப் பொருத்தினார். அப்படி மாற்றி வைக்கும் இருதயத்தில் இந்த நரம்புகள் அறுபட்டுவிடுகின்றன. அதைப் பெற்றவர் நிம்மதியாகப் படுத்திருக்கும்போதும் அது தொண்ணூறு, நூறு என்று துடிக்கிறது. அவருக்குத் திகில் உண்டானால், இரத்தத்தில் அட்ரினலின் கலந்து வந்து சேரும் வரையில் அது வேகமெடுப்பதில்லை. மனிதர் அஞ்சிவிட்டார், நெஞ்சுக்குச் செய்தி பிறகுதான் வருகிறது!

இதைக் கேட்டதும் என் மனத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அமைதியாக இருப்பவன் நெஞ்சுக்குள்ளும் ஓடத் துடிக்கும் குதிரைதான் இருக்கிறது. பிடித்து நிறுத்தியிருக்கிறது, அவ்வளவே. படபடப்பவன் வேறு மண்ணால் செய்த மனிதனில்லை.

குற்றவாளியின் நெஞ்சும் இப்படித்தான். பொய் கண்டறியும் கருவி என்று ஒன்றை வைத்துக்கொண்டு நாடியையும் மூச்சையும் வியர்வையையும் அளக்கிறார்கள். பொய் சொன்னதால் துடிக்கும் நெஞ்சுக்கும், நிஜத்தைச் சொல்லியும் இவர்கள் நம்பமாட்டார்களே என்று துடிக்கும் நெஞ்சுக்கும் அந்த ஊசி வித்தியாசம் காட்டுமா? ஒருவருடைய சம்மதமில்லாமல் அவரை இந்தச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. மௌனமாக இருக்க உரிமை பெற்றவனின் இருதயத்தை மட்டும் பேசவைப்பது நியாயமில்லைதானே?

இதுவரையில் என் கட்சிக்கு வெற்றிதான். ஆனால் இதே நியாயத்தை மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன், சுட்டது.

சாட்டை என்று சொன்னேனே, அந்த நரம்புகளுக்குப் பாடப் புத்தகங்களில் பரிவு நரம்புகள் என்று பெயர். ஓர் உறுப்பின் துன்பத்தை மற்றோர் உறுப்பு பகிர்ந்துகொள்வது இவற்றால்தான் என்று பழங்கால மேனாட்டு வைத்தியர்கள் நினைத்தார்கள். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். காய்கறிக் கூடையோடு சாலையைக் கடந்த ஒரு கிழவியை ஸ்கூட்டர் ஒன்று தட்டிவிட்டுப் போய்விட்டது. பஸ் நின்றது. என் நெஞ்சு திக்குத் திக்கென்று அடித்தது. கண்கள்கூடக் கலங்கின. ஆட்டோக்காரர் ஒருவர் ஓடி வந்து கிழவியைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போனார். பஸ் புறப்பட்டது. அன்று இரவு வீட்டில் சோறு இறங்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். எனக்கு எவ்வளவு இளகிய மனம் என்று எனக்கே ஒரு திருப்தி. பஸ்ஸின் படி என் இடத்திலிருந்து இரண்டே அடி தூரம், நான் இறங்கவில்லை. பரிவு நரம்பு தன் வேலையைச் செய்தது. பரிவு தன் வேலையைச் செய்யவில்லை.

நெஞ்சு படபடத்ததற்காகக் குமாஸ்தாவைக் கோழை என்று சொல்லக் கூடாதென்றால், நெஞ்சு துடித்ததற்காக என்னைக் கருணையுள்ளவன் என்றும் சொல்லக் கூடாது. இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில்தான் எழுதவேண்டும்.

அப்படியானால் நமக்கும் நம் நெஞ்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையா? கொஞ்சம் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது. வெளியே விடும்போது தணிகிறது. வெளிமூச்சை நிதானமாக நீட்டினால் கடிவாளம் கொஞ்சம் நம் கைக்கு வருகிறது. மூச்சைக் கவனி என்று நம் பெரியவர்கள் சொன்னது வீண் போகவில்லை. ஆயினும் அது துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்து தராது.

இந்த நரம்புகள் இருதயத்தோடு எப்படிப் பேசுகின்றன என்று கண்டுபிடித்தவர் ஆட்டோ லோவி. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர். கனவில் தோன்றிய ஒரு சோதனையை, அர்த்த ராத்திரியில் எழுந்து போய்ச் செய்து பார்த்தவர். ஒரு தவளையின் இருதயத்தை வேகஸ் நரம்பின் மூலம் மெதுவாக்கி, அது மூழ்கியிருந்த திரவத்தை எடுத்து மற்றொரு தவளையின் இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகியது. நரம்பு ஒரு ரசாயனப் பொருளைச் சுரந்து பேசுகிறது என்பது அப்போது தெரிந்தது. 1921-இல் அதை வெளியிட்டார். 1936-இல் நோபல் பரிசும் வந்தது.

இரண்டே வருஷத்தில் ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியது. லோவி யூதர். 1938 மார்ச்சில் ஓர் இரவு துப்பாக்கிகளோடு வந்து அவரை எழுப்பிக் கைது செய்தார்கள். கொன்றுவிடுவார்கள் என்றே தாம் எண்ணியதாகப் பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அந்த அறுபத்து நான்கு வயதுக் கிழவரின் நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டிருக்கும்! அதன் சூத்திரத்தை அவரைவிட அறிந்தவர் உலகில் யார்? அறிந்ததால் துடிப்பு நின்றிருக்கப் போவதில்லை. சிறையில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரு தபால் கார்டும் பேனாவும். சில நாள் கழித்துக் கிடைத்தன. கடைசியாகச் செய்த சோதனையின் முடிவைக் காவலாளியின் முன்னால் எழுதி ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். அது அழிந்து போகாது என்று தெரிந்த பிறகே அவருக்கு ஆறுதல் உண்டாயிற்று. நோபல் பரிசுப் பணத்தை நாஜிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகுதான் நாட்டை விட்டுப் போகவிட்டார்கள்.

வாசகருக்கு இப்போது பதில் எழுத முடிகிறது. ஐயா, என் குமாஸ்தாவின் மடியில் கனம் இருக்கிறது. முதல் தேதி கொடுக்க வேண்டிய வாடகை இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பெண் இருக்கிறாள். வேலை போய்விட்டால் என்ன என்ற கேள்வி இருக்கிறது. அவன் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அடுத்த பதிப்பிலும் அந்த வரியை நான் எடுக்கப் போவதில்லை. நீங்கள் அவன் நெஞ்சைப் பார்த்தீர்கள். மேஜைமேல் அந்தக் காகிதம் கிடந்ததே, பேனாவும் திறந்திருந்ததே, அவன் கை என்ன செய்தது என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.