மலைக்காட்சியும் தனிமையும்

ஆறு நாள் நகரத்தில் உழைத்தவன் ஏழாம் நாள் மலையை நாடுவது இயல்பே. அதனை வீண் செலவென்று இகழ்வாருடன் வழக்காட நாம் விரும்பவில்லை. திருவிழாச் செலவுக்குக் கடன் வாங்கத் தயங்காதவர், மனைவி மக்களுடன் ஒரு பகற்பொழுது குளிர்காற்று வாங்கி வருவதை ஆடம்பரம் என்பது வியப்பே, அது நிற்க. நமது ஐயம் வேறு. மலைக்குச் செல்வோருட் பலர் தனி மோட்டார் வண்டி அமர்த்திக்கொண்டு போகின்றனர், போனதும், "கூட்டமில்லாத இடம் எது?" என்றே முதலில் வினவுகின்றனர். பிறர் இல்லாதிருத்தலும் அழகின் ஒரு கூறாகிவிடுகின்றது. மாந்தரெல்லாரும் சமமென்று பேசும் நாம், நம்மையொத்த மாந்தர் நம் கண்ணிற் படலாகாதென்று விரும்புவது நேர்மையாகுமா?

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரேசர் மலையை எடுத்துக்கொள்வோம். ஈயத் தொழில் செய்த லூயி ஜேம்ஸ் பிரேசர் என்ற துரையின் பெயரால் அது வழங்குகின்றது. 1917-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பிஷப் அவரைத் தேடி அம்மலை ஏறினார். துரை அங்கில்லை, வெயிலுக்கு ஒதுங்கத் தக்க குளிர்ந்த இடமொன்று அகப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அங்கே பங்களாக்கள் எழுந்தன. கடல்மட்டத்திற்கு 1,200 மீட்டருக்கு மேலுள்ள அவ்விடம், வெப்பத்திற்கு மட்டுமன்றி, கீழே வேலை செய்யும் திரளுக்கும் எட்டாததாய் இருந்தது. ஆகவே மலைத் தனிமை என்பது தொடக்கத்தில் ஒரு சிலரின் உரிமையாகவே நம் நாட்டிற்கு வந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

எனினும் அதே மலைப்பாதை வேறொன்றையும் காட்டுகின்றது. கேப் என்னுமிடத்திலிருந்து உச்சிக்கு ஏறும் பழைய பாதை மிகக் குறுகியது. எதிரெதிரே இரு வண்டிகள் செல்ல இடம் போதாது. ஆதலின் நெடுங்காலம் அங்கே ஒரு முறை வழங்கியது. ஒரு மணி ஏறுவோர்க்கு, அடுத்த மணி இறங்குவோர்க்கு. கேட்டு திறக்கும்வரை செல்வனும் எளியவனும் காத்திருந்தனர். ஏறிச் செல்பவன் இருமருங்கும் காடு கவிந்த அவ்வழியில் எதிரே ஒரு வண்டியும் காணாது, "ஆகா, என்ன தனிமை! இம்மலை முழுதும் நமக்கே உரியது" என்று மகிழ்ந்திருப்பான். அவ்வேளையில் மேலே பத்து வண்டிகள் நின்றுகொண்டிருந்தால் அவன் அறியான். அவன் நுகர்ந்த வெறும் பாதை, அந்தப் பத்து வண்டிக்காரரும் பொறுத்திருந்து அவனுக்கு ஈந்தது. வண்டிக்குக் கொடுத்த வாடகை அதற்கு விலையன்று.

இவ்வாறு நோக்கின், தனிமையை விரும்புவது குற்றமன்று. அதனை நாமே விலைக்கு வாங்கினோமென்று எண்ணுவதுதான் பிழை. அம்மலையிற் பறவை காண வருவோரைப் பாருங்கள். இருபது பேர் ஒரே வளைவில் நிற்பர். ஒருவரும் உரக்கப் பேசார். அவ்விருபதின்மர்க்கும் பறவை தெரிகின்றது, ஒவ்வொருவரும் தனித்தே நிற்பது போலும் இருக்கின்றது. மற்றொருவன் யாருமற்ற மூலையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்துப் பாட்டை முழக்குகின்றான். (நம்மவர் இதில் எவர்க்கும் பின்னடைந்தவரல்லர்.) அவனுக்கும் தனிமையில்லை, அயலார்க்குமில்லை.

பொறுத்திருந்து ஈந்தவரின் கணக்கு மலையடிவாரத்திலேயே தொடங்குகின்றது. கோலகுபுபாருவைக் கடந்ததும் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம் கண்ணைக் கவரும். வண்டியை நிறுத்திப் படமெடுக்காதவர் அரியர். அந்நீருக்கு இடம்விட்டுத் தெமுவான் பழங்குடியினர் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். நகரத்தில் நாம் குழாயைத் திருப்பியதும் நீர் வருவதற்கு அவ்வணையும் ஒரு காரணம். அம்மக்களின் காத்திருப்பு ஒரு மணியளவினதன்று. அவர்கள் திரும்பிச் செல்லக் கேட்டு எதுவும் திறக்கப்போவதில்லை.

உலு சிலாங்கூரின் பால்மரத் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். விடியலில் பால்வெட்டப் புறப்படும்போது அந்த நீலமலைத் தொடர் அவர்கள் கண்முன்னே நிற்கும். அதன்மேல் ஒருமுறையேனும் ஏறிப் பார்த்தவர் எத்துணைப் பேர்? இன்றும் சொந்த வண்டியில்லாதவர் அங்கே சென்று மீள்வது எளிதன்று. ஐந்து குடும்பத்தார் கூடி ஒரு வேன் அமர்த்தின் செலவு தாங்கும். அவர்கள் வந்து சேர்ந்தால் உச்சியிற் கூட்டம் பெருகும். முன்னமே அங்கு அமர்ந்திருக்கும் தனி வண்டிக்காரர்க்கு அமைதி சற்றுக் குறையும். அவர் முகஞ்சுளிக்கலாம்; அல்லது பாயைச் சிறிது ஒதுக்கிப் போட்டு இடமளிக்கலாம். வருவோரும் தம் பிள்ளைகளுக்கு, காட்டினுள் கூச்சலிடாதிருக்கக் கீழேயே சொல்லி அழைத்து வரலாம்.