இழந்த சொல்லும் எமது கடனும்

ஒருவருடைய நாவில் சொல் வராதபோது அவருடைய அறிவும் அற்றுப்போயிற்று என்று கொள்வது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். அது எத்துணைக் கொடுமையானது என்பதைக் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டிலே நாம் கண்டோம்.

அவ்வீட்டுக்காரர் புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்தவர். லொறியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு, சத்திரசிகிச்சையால் உயிர் தப்பியவர். நடக்கிறார், காசைச் சரியாக எண்ணுகிறார், வந்தவரை முகங்கண்டு வரவேற்கிறார். ஆயின் பூட்டைக் காட்டி, "இதுக்குப் போடுற... இந்தச் சுத்துற சாமான்..." என்று தவித்து நிற்கிறார். 'திறப்பு' என்ற சொல் வரவில்லை. சற்று நேரத்தின் பின் வந்தது 'யதுர' என்ற சிங்களச் சொல். "அப்பாவுக்குத் தமிழே மறந்துபோச்சு" என்றான் மகன். தந்தை தலை குனிந்தார்.

இதில் நாணுவதற்கு யாதுமில்லை. பல மொழி பேசுவோர் பேச்சிழந்தால், அடிபட்ட காலத்தில் மிகுதியாகப் புழங்கிய மொழியே பெரும்பாலும் முதலில் மீளும் என்று பிரெஞ்சு மருத்துவர் பித்ர் 1895இல் எழுதினார். எல்லோருக்கும் அவ்வாறு நிகழ்வதில்லை. எனினும் வாழ்நாளெல்லாம் சந்தையிலே சிங்களத்தில் திறப்புக் கேட்டவருக்கு அச்சொல் முந்தி வந்தது வியப்பன்று.

மகன் எம்மிடம் கேட்டது வேறு. தலையில் மின்சாரம் பாய்ச்சினால் சொற்கள் திரும்புமாமே; தாயின் சங்கிலியை அடகு வைக்கவும் ஆயத்தம்; இது மெய்யா என்றான்.

பாதி மெய். உப்பு நீரில் நனைத்த இரு பஞ்சுத் தகடுகளைத் தலையில் வைத்து, ஒன்று அல்லது இரண்டு மில்லியம்பியர் அளவான மின்னோட்டத்தை ஏறத்தாழ இருபது நிமிடம் செலுத்துவர். அம்மின்னோட்டம் சொல்லைக் கொண்டுவருவதில்லை. நரம்புக் கலங்கள் எளிதில் தூண்டப்படும் நிலையை மட்டுமே அது உண்டாக்குகிறது. மழை மண்ணை இளக்கலாம். விதையாத வயலில் நெல் முளைப்பதில்லை. பெயர் சொல்லும் பயிற்சியே இங்கு விதை. 2018இல் அமெரிக்காவில் பாரிசவாதத்தால் பேச்சிழந்த 74 பேரிடம் நடத்திய ஆய்வில், மின்னோட்டத்துடன் பயிற்சி பெற்றோர் கூடுதலான பெயர்களை மீட்டனர். பொய்யாக மட்டும் தகடு வைக்கப்பட்டோரும் பயிற்சியினால் முன்னேறினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயினும் பாரிசவாதம் வேறு, தலைக்காயம் வேறு. முன்னையது பெரும்பாலும் மூளையின் ஒரு பகுதியைத் தாக்குவது; பின்னையது பலவிடங்களிலும் நரம்பிழைகளை அறுப்பது. காயம்பட்டோரிடம் நடந்த ஆய்வுகள் சிலவே. மண்டையோட்டில் எலும்பு எடுக்கப்பட்டிருந்தால் மின்னோட்டத்தின் பாதை மாறும். வலிப்பு வரும் அபாயத்தையும் வைத்தியர் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

நம் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. எந்தச் சொற்களில் பயிற்சி? அறுபது படங்களைக் காட்டிப் பெயர் கேட்கும் பொஸ்ரன் சோதனை உலகெங்கும் பேர்பெற்றது. பனிக்கட்டி வீடு அதில் ஒரு படம். அஸ்பரகஸ் என்னும் கீரைத்தண்டு இன்னொன்று. அதை அப்படியே ஒரு புறக்கோட்டை நாட்டாமையின் முன் வைத்தால், அவர் ஒருநாளும் அறியாத பொருளை மறந்துவிட்டார் என்று குறிப்பெழுத நேரும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் 1990களின் பிற்பகுதியிலிருந்து பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றி வருகிறது, நற்பணி. ஆனால் தமிழிலே சிகிச்சையளிக்க வல்லோர் மிகச் சிலர். 1987 முதல் தமிழும் அரசகரும மொழி என்கிறது அரசியலமைப்பு. சிகிச்சை அறையில் அந்த மொழி ஒலியாவிட்டால், கருவி வந்தும் பயன் என்ன?

உணவும் வேலையும் இருக்க இதுவா பெரிது என்று எம் தோழர் சிலர் கேட்கக்கூடும். நட்டஈடு கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார் அந்த மனிதர். 'கயிறு' என்ற சொல்லைத் தேடித் தேடி, லொறியிலே கயிறு அறுந்த கதையைச் சொல்ல முடியாமல் நின்றார். அடுத்தவரை அழைத்தார்கள். சொல்லை இழந்த தொழிலாளி கூலியையும் இழக்கிறார்.

1861இல் புரோக்கா ஆராய்ந்த லெபோர்ஞ் என்பவரும் ஒரு தொழிலாளியே. சப்பாத்து அச்சுச் செய்தவர். 'தான்' என்ற ஓரசை தவிர ஏறத்தாழ வேறேதும் பேச இயலாதிருந்தமையால் 'தான்' என்பதே அவர் பெயராயிற்று. இதற்கு மாறானது சோவியத் மருத்துவர் லூரியாவின் வழி. 1943இல் ஸ்மொலென்ஸ்க் அருகே மூளையிற் குண்டடிபட்ட சசெத்ஸ்கி என்ற போர்வீரரை அவர் பல்லாண்டு உடனிருந்து கவனித்தார். ஒரு சொல்லுக்காக நெடுநேரம் காத்திருந்த அவ்வீரர் இருபத்தைந்து ஆண்டுகளில் மூவாயிரம் பக்கம் தம் கதையை எழுதினார். அறிவு அற்றுப்போனவர் செய்யக்கூடிய காரியமா அது?

வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியை தம் மாணவரைக் கொண்டு நாற்பது படங்கள் வரைவித்துத் தந்தார். திறப்பு, மூட்டை, கைவண்டி, துருவலை, கயிறு. ஒவ்வொன்றின் கீழும் தமிழிலும் சிங்களத்திலும் பெயர் எழுதியிருக்கிறது. மகன் மாலையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். சொல் வரும்வரை வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் அவனே முந்திக்கொண்டு சொல்லிவிடுவான். மின் சிகிச்சை தகுமா என்று வைத்தியர் இன்னும் கூறவில்லை. சங்கிலி தாயின் கழுத்திலேயே இருக்கிறது.